மருந்து எழுதிய முகம்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது தமிழர் வழங்கிவரும் பழமொழி. உள்ளத்தில் தோன்றும் மகிழ்ச்சியும் துயரமும் முகத்தில் புலப்படும் என்பதே அதன் கருத்தாகும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகை அச்சுறுத்திய எய்ட்ஸ் நோயின் வரலாற்றில் இப்பழமொழி தலைகீழாயிற்று. அங்கே முகத்தில் நேர்ந்த மாற்றமே அகத்தை வாட்டியது. முதலில் நோய் உடலை மாற்றியது. பின்னர் அந்நோயைத் தடுக்க வந்த மருந்தே உடலை மாற்றியது. இவ்விரு காலங்களிலும் நோயுற்றோர் கிருமியோடு மட்டுமன்றித் தம் உள்ளத்தோடும் போராட வேண்டியவராயினர். அப்போராட்டத்தின் வரலாறு மருத்துவம் பயில்வோர்க்கு மட்டும் உரியதன்று. மனிதரோடு பழகும் யாவரும் அறியத்தக்கதாகும்.

மெலிவே பெயரான நோய்

1981ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், அமெரிக்க நோய்த் தடுப்பு நிலையத்தின் வார அறிக்கை ஒரு சிறு செய்தியை வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து இளைஞர்கள் அரிய வகை நுரையீரல் அழற்சிக்கு ஆளாயினர் என்பதே அச்செய்தி. 1983இல் பாரிஸ் பாஸ்டர் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரான்சுவா பாரே-சினுசியும் லுக் மொன்டாக்னியேயும் இந்நோய்க்குக் காரணமான கிருமியைப் பிரித்தெடுத்தனர். அதற்காக 2008இல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது. உடலின் எதிர்ப்பாற்றலைச் சிறிது சிறிதாக அழிக்கும் அக்கிருமியே எச்.ஐ.வி. எனப்படுகிறது.

ஆய்வாளர் இட்ட பெயர் அதுவாக, ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டு மக்கள் இந்நோயை 'ஸ்லிம்', அதாவது 'மெலிவு' என்றே அழைத்தனர். நோயாளி எலும்பும் தோலுமாக உருகியதைக் கண்ணாரக் கண்டவர்கள் இட்ட பெயர் அது. மேலை நாடுகளிலோ, சிலர் தோலில் தோன்றிய கருஞ்சிவப்புத் திட்டுகள் நோயின் அடையாளமாயின. நோயாளி வாய் திறந்து சொல்லாததை அவருடைய உடல் ஊருக்கு உரைத்தது. அறிந்தவர் விலகினர், அண்டை வீட்டார் அஞ்சினர். நோயின் வலியை விடத் தனிமையின் வலி பெரிதாயிற்று.

இந்நிலையில், 1983இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கூடிய நோயாளிகள் சிலர் ஓர் அறிக்கை வெளியிட்டனர். தம்மைப் 'பலியானோர்' என்று அழைக்கலாகாது என்றும், தாம் எய்ட்ஸுடன் வாழும் மனிதர் என்றும் அவர்கள் முழங்கினர். 1987 ஏப்ரலில் இங்கிலாந்து இளவரசி டயானா, லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் கையுறை அணியாமல் ஒரு நோயாளியின் கையைப் பற்றிக் குலுக்கினார். மருந்து தர இயலாத ஆறுதலை அந்தத் தொடுகை தந்தது.

தமிழகத்தில் தெரிந்த உண்மை

இந்தியாவில் இந்நோய்க் கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடம் தமிழகமே. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி நிர்மலா பாலியல் தொழிலில் ஈடுபட்ட பெண்களிடமிருந்து குருதி மாதிரிகளைத் திரட்டினார். அவற்றுள் ஆறில் கிருமி இருத்தல் புலனாயிற்று. நோயை அறிந்து கூறுவதோடு மருத்துவரின் கடமை முடிந்துவிடவில்லை என்பதைச் சுனிதி சாலமன் உணர்ந்திருந்தார். 1993இல் அவர் நிறுவிய 'ஒய்.ஆர்.ஜி. கேர்' என்னும் நிலையம், பரிசோதனையோடும் சிகிச்சையோடும் மனநல ஆலோசனையையும் இணைத்து நடத்தியது. 1998இல் கிருமியுற்ற பெண்கள் தமக்கெனச் சென்னையில் ஒரு கூட்டமைப்பைத் தோற்றுவித்தனர். ஒரே துயரைச் சுமந்தவர்கள் ஒருவர்க்கொருவர் தோள் கொடுக்க முன்வந்தனர்.

மலிந்த விலையில் மறுவாழ்வு

1987இல் சிடோவுடின் என்னும் முதல் மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆயின், தனியொரு மருந்தைக் கிருமி விரைவில் எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டது. மூன்று மருந்துகளை ஒருசேரக் கொடுத்தால் கிருமி அடங்கும் என்பது 1996இல் வான்கூவர் நகரில் நடைபெற்ற அனைத்துலக மாநாட்டில் உறுதியாயிற்று. சாவை எதிர்நோக்கிப் படுத்திருந்தவர்கள் எழுந்து நடந்தனர். எனினும், ஒருவருக்கு ஓராண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேற்பட்ட செலவு பிடித்த அச்சிகிச்சை ஏழை நாடுகளுக்கு எட்டாக் கனியாகவே இருந்தது.

2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அம்மும்மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. மலேசிய அரசாங்கம் 2003இல் தன் காப்புரிமைச் சட்டம் வழங்கிய அதிகாரத்தைப் பயன்படுத்தி, எச்.ஐ.வி. மருந்துகள் சிலவற்றை இந்தியாவிலிருந்து குறைந்த விலைக்கு இறக்குமதி செய்ய வழி வகுத்தது. 2004 ஏப்ரலில் இந்திய அரசாங்கம் இலவசச் சிகிச்சையைத் தொடங்கியபோது, முதலில் இடம்பெற்ற மருத்துவமனைகளுள் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்றாகும்.

மருந்து இட்ட வடு

மலிவான அம்மும்மருந்துள் ஒன்று ஸ்டாவுடின். 1994இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அது விலை குறைந்தது. சிடோவுடினைப் போல் குருதிச் சோகையை உண்டாக்கும் இயல்பு அதற்குக் குறைவு. ஆகவே, அடிக்கடி குருதிப் பரிசோதனை செய்ய வசதியற்ற நாடுகளுக்கு அது பொருத்தமாயிற்று. அது காத்த உயிர்கள் மிகப் பல. ஆனால், அது தன் விலையை வேறு வகையில் பெற்றுக்கொண்டது.

1998இல் சிட்னி நகர் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையின் ஆண்ட்ரூ கார், டேவிட் கூப்பர் ஆகியோர் கொண்ட குழு ஒரு புதிய கோளாற்றை விரிவாக எழுதியது. சிகிச்சை பெறுவோர் பலருக்குக் கன்னங்களில் இருந்த கொழுப்புக் கரைந்து முகம் குழிந்தது; கைகால்கள் மெலிந்து நரம்புகள் புடைத்தன. வேறு சிலருக்கு வயிற்றிலும் பிடரியிலும் கொழுப்புத் திரண்டது. தொடக்கத்தில் புரதச்சிதைப்பைத் தடுக்கும் மருந்துகள் மீதே ஐயம் எழுந்தது. முகமும் கைகால்களும் மெலிந்ததற்கு ஸ்டாவுடின் பெருங்காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகளை அம்மருந்து தாக்கியது. அதனால் கொழுப்பணுக்கள் நலிந்தன.

இம்மாற்றம் உள்ளத்தில் விளைத்த துன்பத்தைக் குருதிப் பரிசோதனை காட்டாது. ஏட்டின்படி அவர் நலமுற்றவர்; கண்ணாடி முன்போ அவர் தமக்கே அந்நியர். வேலை செய்யும் இடத்தில் மறைத்து வைத்த செய்தியை அவருடைய குழிந்த கன்னம் வெளிப்படுத்திவிடுமோ என்னும் அச்சம் அவரை வாட்டியது. திருமண வீட்டிற்கும் கோயில் விழாவிற்கும் செல்லக் கூசியவர்கள் உண்டு. மனச்சோர்வுற்று மருந்தையே நிறுத்தியவர்களும் உண்டு. மருந்தை நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும் என்பதை அறிந்தும் அவ்வாறு செய்தனர் எனில், அவர்தம் உள்ளத்தின் பாரம் எத்தகையதாக இருந்திருக்க வேண்டும்!

உள்ளத்தையும் நோக்கிய மருத்துவம்

2004இல் குழிந்த கன்னத்தை ஊசி மருந்தால் நிரப்பும் முறைக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அது அழகு நாடிய ஆடம்பரமன்று. இழந்த முகத்தை மீட்கும் சிகிச்சை. ஆயினும், அதன் விலை எளியோர்க்கு எட்டவில்லை. 2009இல் உலகச் சுகாதார நிறுவனம், நீண்டகாலத் தீங்கு விளைப்பதால் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடுமாறு நாடுகளுக்கு அறிவுறுத்தியது. இன்றைய மருந்துகள் அத்தகைய வடுவை விடுவதில்லை. எனினும், புதிய மருந்துகளாலும் சிலருக்கு உடல் எடை மிகுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மருந்தைத் தவறாது உட்கொண்டு குருதியில் கிருமி தென்படாத நிலையை எய்தியவர், பாலுறவின் வழியாகப் பிறர்க்கு அதைப் பரப்புவதில்லை என்பதும் ஐயமற நிறுவப்பட்டுள்ளது. நாற்பது ஆண்டு அச்சத்திற்கு அறிவியல் அளித்த விடை அதுவாகும்.

அறிவியல் தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொண்டது. சமுதாயம் தன் பார்வையைத் திருத்திக்கொண்டதா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. வகுப்பறையில் ஒரு மாணவன் தன் தந்தையின் உருவத்தைக் குறித்துப் பிறர் நகைப்பதைக் கேட்டுத் தலைகுனியக்கூடும். அவ்வேளையில் ஆசிரியர் கூறும் ஒரு சொல், அச்சிறுவனுக்கும் அவன் இல்லத்தில் இருப்பவர்க்கும் பல நாள் மருந்தாகும். அவர் வாளா இருந்தால், அதுவும் ஒரு வடுவாகும். முகத்தைக் கண்டு அகத்தை அளப்பது எளிது. முகம் வாடியதன் காரணத்தை அறிந்து அகத்தைத் தேற்றுவதே கற்றவர் கடமையாகும்.