‘லைன்ஸ்’ முதல் லயம் வரை: ஓர் ஆங்கிலத் தொடரின் தோட்டத்து வரலாறு



ஒரு சொல்லின் பொருளை அகராதி கூறும். அச்சொல் யார் வாயில், எவ்விடத்தில், எதற்காக வழங்கியது என்பதை வரலாறுதான் கூறும். இன்றைய உரைக்குக் ‘கூலி லைன்ஸ்’ என்னும் ஆங்கிலப் பெயர்த்தொடரை எடுத்துக்கொள்கிறேன். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருந்த நெடுவரிசை வீடுகளைத் தோட்டத் துரைமார் அப்பெயரால் வழங்கினர். அத்தொடரின் பிற்பாதியே நம் பேச்சில் ‘லயம்’ ஆயிற்று. மாணவர் கட்டுரையில் இச்சொல்லைக் கண்டால் ‘பிறமொழிக் கலப்பு’ என்று சிவப்பு மையால் அடிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வழக்கம் தகுமா என்பதே இவ்வுரையின் வினா.

செமினி என்னும் சான்று

சிலாங்கூரின் உலு லங்காட் மாவட்டத்தில், காஜாங்கிலிருந்து சிரம்பான் செல்லும் சாலையில் உள்ளது செமினி. அண்டையிலுள்ள காஜாங்கின் இஞ்ச் கென்னத் தோட்டம், இந்நாட்டில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்ட முன்னோடித் தோட்டங்களுள் ஒன்று. அங்கே 1890-களிலேயே ரப்பர் நடப்பட்டது. அடுத்த இருபதாண்டுகளில் இவ்வட்டாரமெங்கும் பால்மரக் காடுகள் எழுந்தன. இன்று அவற்றில் பெரும்பகுதி வீடமைப்புத் திடல்களாக மாறிவிட்டது. 2005-ஆம் ஆண்டு முதல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகமும் இங்கே இயங்குகிறது. எனினும் ரிஞ்சிங், டொமினியன் ஆகிய தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் தோட்டத்தைக் குறிக்கும் ‘லாடாங்’ என்னும் மலாய்ச் சொல் நிலைத்துள்ளது. மரங்கள் போயின, சொற்கள் எஞ்சின.

ஊதியம் ஆளானது

முதலில் ‘கூலி’ என்னும் சொல்லைக் காண்போம். தமிழில் கூலி என்பது உழைப்பின் பயன். வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், உடல் வருந்த முயன்றவர்க்கு முயற்சி தரும் பரிசைக் குறிக்க இச்சொல்லையே ஆண்டுள்ளார். ஆங்கிலத்தில் அது உழைக்கும் ஆளைக் குறிக்கும் சொல்லாயிற்று. ஆங்கிலச் சொல்லின் மூலம் குறித்து இருவேறு கருத்துகள் உண்டு. 1886-இல் யூலும் பர்னலும் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, குஜராத்தின் கோலி இனப் பெயரையும் தமிழ்க் கூலியையும் எடுத்து ஆராய்கிறது. மூலம் எதுவாயினும் வழக்கின் விளைவு ஒன்றே. தமிழில் கூலி பெறுபவர் கூலியாள். ஆங்கிலத்தில் அவரே கூலி. ஆளுக்கும் ஊதியத்துக்கும் இடையிலிருந்த வேறுபாடு கணக்கேட்டில் அழிந்தது.

படைவீட்டிலிருந்து தோட்டத்திற்கு

‘லைன்ஸ்’ என்பது வரிசைகள் எனப் பொருள்படும். ஆங்கிலேய இந்தியாவில் படைவீரர் குடியிருப்புகளை அச்சொல்லால் குறித்தனர். ‘சிப்பாய் லைன்ஸ்’ என்னும் இடப்பெயர் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் வழங்கியது. எண்ணவும் கண்காணிக்கவும் வசதியாக மனிதரை வரிசையில் நிறுத்தும் முறை அது. இலங்கையின் காப்பித் தோட்டங்களும், பின்னர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களும் அம்முறையைக் கட்டடத்தோடும் பெயரோடும் ஏற்றன. ஒரே நீண்ட கூரை, அதன்கீழ் அறை அறையாகக் குடும்பங்கள், பொதுத் திண்ணை, பொதுக் குழாய். விடியுமுன் தொழிலாளர் கூடி நின்று பெயர் கொடுத்த ‘பெரட்டு’ என்பதும் படையணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேட்’ என்னும் சொல்லின் திரிபே.

கடல் கடந்த பிற நாடுகளிலும் இதற்கு ஒப்புமை உண்டு. நேட்டாலில் ‘பேரக்ஸ்’ என்றனர். கயானாவில் ‘லோகி’ என்றனர். பிஜித் தீவில் ‘அக்ரிமென்ட்’ என்னும் ஒப்பந்தச் சொல் ‘கிர்மிட்’ எனத் திரிந்து ஒரு தலைமுறையின் பெயராகவே நிலைத்தது. ஆள்வோர் இட்ட சொல்லை உழைப்போர் தம் நாவுக்கேற்பத் திருத்திக்கொண்ட வரலாறு எங்கும் ஒன்றுதான்.

தமிழிலக்கணம் செய்த வேலை

அத்திருத்தம் மனம்போன போக்கில் நிகழவில்லை. பன்மை காட்டும் ஆங்கில ஈறு முதலில் நீங்கி, ‘லைன்’ நின்றது. ஐகாரம் ‘அய்’ என ஒலிப்பது தமிழின் பழைய மரபு. அதனால் ‘லயன்’ பிறந்தது. அறம் அறன் என்றும், நலம் நலன் என்றும் நிற்கும் கடைப்போலியை வகுப்பில் கற்பிக்கிறோம். அதே மகர, னகர உறவு ‘லயன்’ என்பதை ‘லயம்’ ஆக்கியது. மகர ஈறு அமைந்தபின் மரத்தில், குளத்தில் என்பன போல ‘லயத்தில்’ என அத்துச் சாரியையும் தானாக வந்து சேர்ந்தது. எழுதப் படிக்கக் கற்காத தொழிலாளர் பலர் வாழ்ந்த இடத்தில், தமிழிலக்கணம் இவ்வளவு ஒழுங்காகத் தொழிற்பட்டது. இலங்கை மலையகம் ‘லயன்’ என்னும் வடிவத்தைப் போற்றியது. இந்நாட்டில் ‘லயம்’ பெருவழக்காயிற்று.

குதிரை கட்டும் இடத்திற்கு ‘லாயம்’ என்று பெயர். இரண்டும் ஒரே சொல் என்பாரும் உண்டு. ஒலி நெருங்கினும் பிறப்பு வேறு. எனினும் மக்களுக்கு அவ்வொப்புமை ஏன் பொருத்தமாகப் பட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வினைச்சொற்கள் காட்டும் பொருள்

ஒரு பெயர்ச்சொல்லின் பொருளை அறிய, அது கொள்ளும் வினைகளை நோக்குக. துரையின் பேச்சில் லைன்ஸ் கட்டப்படும், சுண்ணாம்பு அடிக்கப்படும், பார்வையிடப்படும், காலி செய்யப்படும். தமிழர் பேச்சில் லயத்தில் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், மணம் முடித்தார்கள், மாரியம்மனுக்குத் திருவிழா எடுத்தார்கள். ‘நீ எந்த லயம்?’ என்ற கேள்வி ஊரைக் கேட்பதற்கு ஒப்பானது. நிருவாகத்திற்குச் சொத்தாக இருந்தது, குடியிருந்தவருக்கு ஊராயிற்று.

இவ்விரு பொருளுக்கும் இடையில்தான் பெருந்துயர் நேர்ந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. இந்திய அரசின் தடையால் 1938-இல் கங்காணி முறையும் முடிவுற்றது. ஆனால் வீடு வேலையோடு கட்டுண்டே இருந்தது. வேலை போனால் வீடும் போகும். 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் இடத்தில் வந்த 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் தலைப்பில் ‘தொழிலாளர்’ என்றும் ‘வீட்டுவசதி’ என்றும் கூறின. ‘கூலி’யும் ‘லைன்ஸ்’உம் அங்கே இடம்பெறவில்லை. சொல் மாறியது, வீட்டின் உரிமை மாறவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளரே நிலம் வாங்க வேண்டுமென்று துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததன் காரணம் இதுவே. அதற்குப் பின்னரும் தோட்டங்கள் நகரங்களாக மாறியபோது, தலைமுறைகளாக லயத்தில் வாழ்ந்த பலர் கையில் நிலப்பட்டா இன்றி வெளியேறினர். அவர்கள் விட்டுச் சென்ற நிலத்தில் இன்று ‘தாமான்’கள் நிற்கின்றன. மலாயில் தாமான் என்றால் பூந்தோட்டம். தோட்டம் போய்த் தோட்டம் வந்தது, குடியிருப்பவர் வேறு.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

இன்றைய மாணவர் பலர் தாமானில் பிறந்தவர்கள். அவர்களுக்கு லயம் என்றால் இசையின் தாளக்கூறு மட்டுமே. பொதுக் கட்டுரையில் ‘வரிசை வீடு’ என்று எழுதக் கற்பியுங்கள், அதில் தவறில்லை. ஆனால் தோட்ட வாழ்வை எழுதும் மாணவர் ‘லயம்’ என்றால் அதை அடிக்காதீர்கள். வரிசை வீட்டை எவரும் விலைக்கு வாங்கலாம். லயத்தை அதில் வாழ்ந்தவர் வாங்க முடிந்ததில்லை. அவ்வேறுபாட்டைச் சுமக்கும் சொல் வேறில்லை.

மாணவர்களே, உங்கள் இல்லத்து முதியோரிடம் லயம், பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால், கிராணி, தண்டல், ஆயாக்கொட்டகை ஆகிய சொற்களுக்குப் பொருள் கேளுங்கள். பொருளோடு, அச்சொல்லை அவர்கள் எந்த வாக்கியத்தில் வழங்கினார்கள் என்பதையும் எழுதி வையுங்கள். ஏடுகளில் துரைமாரின் வாக்கியங்கள் பத்திரமாக உள்ளன. உங்கள் பாட்டியின் வாக்கியத்தை எழுத உங்களைத் தவிர வேறு ஆளில்லை.