வராகனும் ரூபாயும் திர்ஹமும்: பழைய நாணயக் கணக்கை அறிய வேண்டியதன் அவசியம்

'நாணயம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று நேர்மை. பழைய நிகாஹ் பதிவேடுகளையும் வக்ஃபு சாசனங்களையும் கடன் முறிகளையும் படித்துப் பொருள் கூற முற்படுவோர்க்கு இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும். அவற்றில் காணப்படும் வராகன், பணம், காசு, அணா, பை ஆகியவற்றின் அளவை அறியாமல் கூறப்படும் தீர்ப்பு, பிறருடைய உரிமையைக் குறைத்துவிடக்கூடும்.

மூன்று மரபுகளின் சந்திப்பு

திருவண்ணாமலையின் மேற்குப் புறத்தில், மலைசுற்றும் பாதையில் அமைந்துள்ள அடி அண்ணாமலையும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபுகளின் கர்நாடகத்தைச் சேர்ந்தவை. 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் ஒருபுறமும், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் தலைமையில் கும்பினிப் படை மறுபுறமுமாகப் பொருதியது இந்நிலத்திலேதான். அன்று தென்னாட்டில் மூன்று நாணய மரபுகள் ஒருசேர வழங்கின. விஜயநகரத்தார் விட்டுச்சென்ற பொன் வராகன் ஒன்று. முகலாயர் மரபில் வந்த வெள்ளி ரூபாய் மற்றொன்று. ஐரோப்பியக் கும்பினிகள் அச்சிட்ட சில்லறைக் காசுகள் மூன்றாவது.

சென்னையில் கும்பினியார் கடைப்பிடித்த கணக்கு வருமாறு: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆகவே ஒரு வராகனுக்கு 3,360 காசு. ஒரு ரூபாய்க்கு 12 பணம். ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களும் 80 காசு கொண்டதோர் அலகையே வைத்திருந்தனர். அதற்கு 'ராயலின்' என்று பெயர். அத்தகைய எட்டு ராயலின் ஒரு ரூபாய். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1736-இல் நவாபின் இசைவு பெற்று ஆர்க்காட்டு ரூபாயை அச்சிடலாயினர். நாம் இன்றும் பேச்சில் வழங்கும் 'துட்டு' என்னும் சொல், டச்சுக்காரர்களின் 'டொய்ட்' என்னும் செப்புக் காசின் பெயரிலிருந்து வந்தது என்பர் அகராதியாளர்.

1818-இல் சென்னை மாகாணத்தில் வராகன் கணக்கு நீக்கப்பெற்று, வெள்ளி ரூபாயே அளவுகோலாயிற்று. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வகுக்கப்பட்டது. 1835-இல் இந்தியா முழுமைக்கும் ஒரே ரூபாய் வந்தது. அதன் எடை 180 கிரெய்ன், அதாவது ஒரு தோலா, ஏறத்தாழ 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 4 பைசா அல்லது 12 பை. ஆக ரூபாய்க்கு 64 பைசா, 192 பை. பதினாறாகப் பகுப்பது தமிழர்க்குப் புதிதன்று. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாகக் குறைத்துச் செல்லும் நமது கீழ்வாயிலக்கத்தில் மாகாணி என்பது பதினாறில் ஒன்று. ரூபாயில் ஓர் அணாவும் அதுவே. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் 100 நயா பைசா ஆனது. 1964-இல் 'நயா' என்னும் அடைமொழி நீங்கியது.

ஐரோப்பியக் கணக்கும் அரபு நாணயமும்

இங்கிலாந்தில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற கணக்கு 1971 பிப்ரவரி 15 வரை நீடித்தது. பென்னியைக் குறிக்க அவர்கள் எழுதிய 'டி' என்னும் எழுத்து, ரோமரின் 'டினாரியஸ்' என்பதன் முதலெழுத்து. குர்ஆனில் ஆலு இம்ரான் அத்தியாயத்தில் இடம்பெறும் 'தீனார்' என்ற சொல்லுக்கும் அதுவே மூலம். யூசுஃப் அத்தியாயத்தில் வரும் 'திர்ஹம்' கிரேக்கரின் 'டிராக்மா'விலிருந்து வந்தது. ஹிஜ்ரீ 77-இல் கலீஃபா அப்துல் மலிக் உருவங்களை நீக்கி, வாசகங்கள் மட்டுமே பொறித்த 4.25 கிராம் தீனாரை வெளியிட்டார். எட்டாம் நூற்றாண்டில் ஆங்கில மன்னர் ஆஃபா, அப்பாஸிய கலீஃபா மன்ஸூருடைய ஹிஜ்ரீ 157-ஆம் ஆண்டுத் தீனாரைப் பார்த்துத் தம் பெயரும் சேர்த்து அச்சிட்ட பொற்காசு, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஸ்பெயினின் 'மராவேதி' என்னும் காசின் பெயர், முராபித்துகளின் தீனாரை நினைவூட்டுகிறது. நம் வீட்டுப் பெண்கள் கூறும் 'பவுன்', 'சவரன்' இரண்டும் ஆங்கிலேயர் தந்த சொற்கள். 1817 முதல் அச்சான சவரன் 7.988 கிராம் எடையுள்ள 22 காரட் நாணயம். அந்தக் 'காரட்'டோ அரபியின் 'கீராத்'.

பெயர் ஒன்று, பொருள் வேறு

சட்டநூற் கணக்கில் இதன் பயன் பெரிது. ஹனஃபீ உலமாக்கள் இந்நாட்டில் வெள்ளிக்குரிய ஸகாத் நிஸாபான 200 திர்ஹத்தை ஐம்பத்திரண்டரை தோலா (612.36 கிராம்) என்றும், பொன்னுக்குரிய 20 மிஸ்காலை ஏழரை தோலா (87.48 கிராம்) என்றும் கணித்தனர். மஹ்ரே ஃபாத்திமீயான 500 திர்ஹம் 131 தோலா 3 மாஷா. ரூபாய் நாணயம் ஒரு தோலா எடையுள்ளதாக இருந்த காலத்தில், நிஸாபை ஐம்பத்திரண்டரை ரூபாய் எடை என்று சொல்வது எளிதாயிற்று. அதில் வெள்ளியே மிகுந்திருந்ததால் அது வெள்ளியாகவே கொள்ளப்பட்டது. ஆனால் 1940-இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-இல் அது நிக்கல் நாணயமானது. பெயர் மாறவில்லை, பொருள் முற்றிலும் மாறிவிட்டது.

ஒரு பழைய பதிவேட்டில் மஹர் பத்து நட்சத்திர வராகன் என்று எழுதப்பட்டு, அது கொடுபடாமல் நின்றதாகக் கொள்வோம். மூன்றரையால் பெருக்கி 35 ரூபாய் என்று ஒருவர் கூறினால், 1818-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அது சரியே. ஆனால் அந்த 35 ரூபாய், 35 தோலா எடையுள்ள வெள்ளி. சுமார் 408 கிராம். பத்து வராகனோ ஒன்று ஏறத்தாழ 3.4 கிராமாக, 34 கிராம் எடையுள்ள பொற்காசு. இன்றைய 35 ரூபாய்த் தாளைக் கொடுத்தால் ஒரு கிராம் வெள்ளியும் வாராது; ஹனஃபீ மத்ஹபில் மஹரின் குறைந்த அளவாகிய பத்து திர்ஹத்தை அது நெருங்கவும் செய்யாது. அப்பெண்ணின் உரிமை காகிதத்தில் மட்டுமே நிறைவேறும்.

நம் முன்னோர் இச்சிக்கலை அறியாதவரல்லர். கடனாகப் பெற்ற செப்புக் காசு செல்லாமற்போனால் அதே காசையே திருப்பித் தரலாம் என்றார் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்). கடன் பெற்ற நாளின் மதிப்பைத் தரவேண்டும் என்றார் இமாம் அபூ யூசுஃப் (ரஹ்). வழக்கொழிந்த நாளின் மதிப்பு என்றார் இமாம் முஹம்மத் (ரஹ்). டமாஸ்கஸ் நகரின் இப்னு ஆபிதீன் (ரஹ்) இதற்கெனத் தனி நூலே எழுதினார். 1988-இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, ஒரு நாணயத்தில் ஏற்பட்ட கடனை அதே நாணயத்தில் அதே தொகையாகத் தீர்க்க வேண்டும், விலைவாசியோடு இணைக்கலாகாது என்று தீர்மானித்தது. அத்தீர்மானத்தைப் பொன் வராகனுக்கும் வெள்ளி ரூபாய்க்கும் பொருத்துமுன், எழுதப்பட்டது எந்த நாணயம் என்பதை அறிவது கடமை.

ஆகவே பழைய ஆவணம் கைக்கு வந்தால் மூன்றைக் கேட்டறிதல் நலம்: எந்த ஆண்டில் எழுதப்பட்டது? எந்த ஊரின் கணக்கு? அந்நாணயத்தில் இருந்த உலோகம் எது, எடை எவ்வளவு? இவற்றைத் தெளிவுபடுத்திய பின்னரே ஃபத்வாவை நாடவேண்டும். 2011 ஜூன் 30-க்குப் பின் 25 பைசாவும் செல்லாக்காசாயிற்று. 'நாலணா' என்ற பெயர் மட்டும் முதியோர் நாவில் நிற்கிறது. இன்று நாம் எழுதும் பதிவுகளையும் நாளை ஒருவர் இவ்வாறே படிக்க நேரும். தொகையோடு பொன்னின் எடையையும் தரத்தையும் சேர்த்து எழுதிவைப்பது, பின்வருவோர்க்கு நாம் செய்யும் நாணயமான உதவியாகும். வல்லாஹு அஃலம்.