உறுதிமொழியின் விலை

அரசர்களும் படைத்தலைவர்களும் நிறைந்த வரலாற்றேடுகளில் ஓர் உழவுக் கூலியாளுக்கு இடம் கிடைப்பது அரிது. அவ்வாறு இடம்பெற்ற ஒருவரைப் பற்றி உங்களுக்குக் கூற விழைகிறேன். அவர் பெயர் ஜார்ஜ் லவ்லெஸ்.

இங்கிலாந்தின் தென்பகுதியில், டார்செட் மாவட்டத்திலுள்ள டால்படில் என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர் அவர். 1797ஆம் ஆண்டில் பிறந்தவர், ஏரோட்டிப் பிழைத்தவர், தாமே முயன்று கற்று, மெதடிஸ்ட் சபையில் சமய உரை நிகழ்த்தியவர். அவ்வட்டாரத்தில் 9 ஷில்லிங்காக இருந்த வாரக்கூலி 8 ஆயிற்று. பின்பு 7 ஆயிற்று. இனி 6 தான் என்ற பேச்சும் எழுந்தது. பெண்டு பிள்ளைகளைக் காக்க வழியறியாத தொழிலாளர், 1833இல் லவ்லெஸின் தலைமையில் ஒரு சங்கம் கண்டனர். 1830இல் தென் இங்கிலாந்தெங்கும் மூண்ட கிளர்ச்சியில் நிகழ்ந்ததுபோல, இவர்கள் வைக்கோற்போருக்குத் தீயிடவில்லை. கதிரடிக்கும் எந்திரங்களை உடைக்கவுமில்லை.

சங்கம் அமைப்பதைத் தடுத்த சட்டங்களோ 1824இலேயே நீக்கப்பட்டுவிட்டன. அவ்வாறாயின் இவர்கள் செய்த குற்றம் யாது? சங்கத்தில் சேர்வோர், கண்கள் கட்டப்பட்ட நிலையில், இரகசியம் காப்பதாக உறுதிமொழி கூறினர். கடற்படைக் கலகத்தை அடுத்து 1797இல் பிறந்த ஒரு சட்டம் அத்தகைய உறுதிமொழிகளைக் குற்றமாக்கியிருந்தது. லவ்லெஸ் பிறந்த ஆண்டிலேயே பிறந்த அச்சட்டம், 37 ஆண்டுகளுக்குப் பின் அவரைத் தேடி வந்தது! 1834 பிப்ரவரியில் அவரும் தோழர் ஐவரும் சிறைப்பட்டனர். மார்ச்சு மாதத்தில் டார்செஸ்டர் நீதிமன்றம் அறுவருக்கும் 7 ஆண்டு நாடுகடத்தல் தண்டனை விதித்தது.

ஐவர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்கு அனுப்பப்பட்டனர். நோயுற்றுப் பின்தங்கிய லவ்லெஸ், இன்று டாஸ்மேனியா என வழங்கும் தீவுக்கு வேறொரு கப்பலில் சென்றார். அங்கே சங்கிலி பூண்ட கைதிகளோடு சாலை போட்டார்; பின்னர் அரசாங்கப் பண்ணையில் உழைத்தார்.

ஆனால் தாயகத்தில் மக்கள் வாளாவிருக்கவில்லை. 1834 ஏப்ரலில் இலண்டனில் பல்லாயிரவர் திரண்டு ஊர்வலம் சென்றனர், மனுக்கள் குவிந்தன. 1836இல் அரசாங்கம் அறுவருக்கும் முழு மன்னிப்பு வழங்கிற்று. 1837இல் நாடு திரும்பிய லவ்லெஸ், தாம் பட்ட துன்பங்களைத் தாமே நூலாக எழுதினார். பின்னர் கனடாவில் குடியேறி, 1874இல் அங்கேயே காலமானார்.

சட்டத்தின் சொற்களுக்கு அத்தீர்ப்பு பொருந்தியிருக்கலாம். கலகக்காரருக்காக வகுத்த விதியைப் பசித்தவர் மீது ஏவியது நீதியாகுமா? இதுவே என் வினா. அவ்வினாவை எழுப்பிய மக்கள் குரலே அன்று தீர்ப்பையும் திருத்திற்று என்பதை நீங்கள் மறவாதிருப்பீர்களாக.