புக்கிட் மேரா தரும் பாடம்

ஆலை மூடப்பட்டாலும் அதன் கழிவு மறைந்துவிடுவதில்லை. இதற்கு மலேசியாவிலேயே சான்று உண்டு.

பேரா மாநிலத்தில், ஈப்போவுக்கு அருகிலுள்ள புக்கிட் மேராவில் 1982ஆம் ஆண்டு ஏசியன் ரேர் எர்த் ஆலை இயங்கத் தொடங்கியது. வெள்ளீயச் சுரங்கங்களில் எஞ்சிய மணலிலிருந்து கிடைத்த மோனசைட்டைக் கொண்டு அரிய மண் தனிமங்களைப் பிரித்தெடுப்பதே அதன் தொழில். அதில் கழிவாக வெளிவந்தது, கதிரியக்கம் கொண்ட தோரியம்.

தோரியத் தூசு மூச்சுடன் உள்ளே சென்றால் நுரையீரலிலும் எலும்பிலும் தங்கிவிடும். அதனால் விளையும் புற்றுநோய் பல ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். ஆகவேதான் பாதிப்பை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது கடினமாகிறது.

1985இல் வட்டார மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடும்படி தீர்ப்பளித்தது. 1993இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆயினும் மக்களின் எதிர்ப்பு ஓயவில்லை; 1994இல் நிறுவனமே ஆலையை மூடியது.

வழக்கில் தோற்ற மக்கள் போராட்டத்தில் வென்றனர். எனினும் கழிவு அகலவில்லை. பின்னர் அது கிளேடாங் மலைப்பகுதியில் புதைக்கப்பட்டது. தோரியத்தின் கதிரியக்கம் பாதியாகக் குறையவே சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். சில ஆண்டுகளே இயங்கிய ஓர் ஆலையின் கழிவுக்கு எத்தனை தலைமுறைகள் காவல் நிற்க வேண்டும் என்பதே, புதிய ஆலைக்கு அனுமதி தருமுன் கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும்.