சாரங்கபாணி சன்னதித் தெரு இல்லம்: இராமானுசன் வீடு ஒரு வரலாற்றுச் சான்றாக

கும்பகோணத்தில் சாரங்கபாணி கோயிலுக்குச் செல்லும் சன்னதித் தெருவில், கணித மேதை சீனிவாச இராமானுசன் வளர்ந்த வீடு நினைவில்லமாகப் பேணப்படுகிறது. சாஸ்திரா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ள இதனை, 2003 டிசம்பரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நாட்டுக்கு அர்ப்பணித்தார். முகப்பில் திண்ணை, தெருவை நோக்கிய சன்னலருகே கட்டில் கிடக்கும் சிற்றறை, அடுக்களை, கொல்லைக் கிணறு என அமைந்த எளிய இல்லம் இது.

இராமானுசன் பிறந்தது இவ்வீட்டில் அன்று. 1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில். மறைந்தது 1920 ஏப்ரல் 26இல், சென்னைச் சேத்துப்பட்டில். 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த அவருடைய இறுதிக்காலத் தாள்கள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியில் உள்ளன. அங்ஙனமாயின் இவ்வீடு எதற்குச் சான்றாகிறது என்னும் வினா எழுகிறது.

வறிய குடும்பம் ஒன்றினுள் கல்வி நுழைந்த வழிக்கு இவ்வீடு சான்றாகிறது. தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடைக் கணக்கர். அவருடைய ஊதியம் போதாமையால் தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடிச் சிறு வருவாய் ஈட்டினார். கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்து உணவளிப்பதும் உண்டு. அம்மாணவர்களிடமிருந்தே சிறுவனுக்கு உயர்கணிதம் அறிமுகமாயிற்று. லோனியின் முக்கோணவியல் நூலும் அவ்வழியே கைக்கு வந்தது. பதின்மூன்று அகவைக்குள் அதனை அவர் கற்றுத் தேர்ந்தார். செலவை ஈடுகட்ட மேற்கொண்ட ஏற்பாடு, வீட்டுக்குள் ஒரு நூலகத்தின் பணியைச் செய்தது எனலாம்.

சிலேட்டுப் பலகையும் இத்தகைய சான்றே. தாள் வாங்கும் வசதியின்மையால் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டுமே அவர் குறிப்பேட்டில் பதிந்தார். அக்குறிப்பேடுகளில் நிறுவல்கள் அரிதாக இருப்பதற்கு வறுமையும் ஒரு காரணம். நாமகிரித் தாயாரின் அருளே அனைத்தும் என்னும் கூற்று இராமானுசனின் நம்பிக்கையை உணர்த்தும். ஆயின் அதனோடு நின்றுவிட்டால் அடுக்களையின் உழைப்பும் சிலேட்டின் வரலாறும் மறைந்துவிடும்.

மறைந்துபோகும் மற்றொருவர் மனைவி ஜானகி அம்மாள். 1909இல் பத்து அகவையில் மணம் முடித்த அவர், 21 அகவையில் கைம்பெண்ணானார். பின்னர்த் தையல் கற்று, திருவல்லிக்கேணியில் அத்தொழிலால் தன்னைத் தாங்கிக்கொண்டு, 1994 வரை வாழ்ந்தார். கணவரின் புகழை உலகம் கொண்டாடிய ஆண்டுகளில் பெரும்பகுதி அவருடைய உழைப்பின் ஆண்டுகளே.

மேதையின் கட்டிலைக் காப்பது நினைவில்லத்தின் முதற்கடன். விருந்துண்ட மாணவர், பாடிப் பொருளீட்டிய தாய், தைத்துப் பிழைத்த மனைவி ஆகியோரின் செய்திகளும் அவ்வறைகளில் இடம்பெறுமாயின், வருவோர் வியப்போடு விளக்கமும் பெற்றுச் செல்வர். வறுமை எத்தனை இராமானுசன்களைத் தடுத்திருக்கும் என்னும் எண்ணமும் அவர்களுள் எழும். புலம்பெயர் நாடுகளில் தமிழர் நினைவில்லங்களை அமைக்க முனைவோர் கருதத்தக்க பாடமும் இதுவே.