கள்ளுக்கடை போனது, கைப்பேசி வந்தது



இணைய விளையாட்டு மோகம் பற்றிப் பேச வேண்டும் என்று சொன்னதும், எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ரந்தாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்த கள்ளுக்கடை. என் தாத்தா அங்கே பால்மரம் சீவியவர். சம்பள நாளில் பாட்டி லயத்து வாசலுக்கும் கள்ளுக்கடைக்கும் நடுவே போய் நின்றுகொள்வாராம், பணம் கடைக்குப் போவதற்குள் வாங்கிவிட. சில மாதம் பாட்டி ஜெயித்தார், பல மாதம் கடை ஜெயித்தது.

அதே பாட்டி, என் சித்தி மகன் விடிய விடிய கைப்பேசியும் கையுமாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க தாத்தாவுக்கும் இதே கண்ணுதான்டி இருந்துச்சு."

கள்ளையும் விளையாட்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 ஜனவரி முதல் விளையாட்டு அடிமைத்தனமும் ஒரு நோய். ஆசைக்கு விளையாடும் எல்லாரும் நோயாளிகள் அல்லர். நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல், படிப்பையும் வேலையையும் உறவையும் பின்னுக்குத் தள்ளி, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. அதுவும் பொதுவாக ஓராண்டு அளவுக்கு நீடிப்பது. இதுதான் அடையாளம். தாத்தாவின் கதையும் இதேதான்.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. கள்ளினால் அரசாங்கத்துக்கு வருமானம். தொழிலாளி வெளியே போகாமல் கிடப்பது துரைமாருக்கு வசதி. கடையைக் காலடியில் வைத்துவிட்டு, "கூலி குடிகாரன்" என்று பழியையும் அவன் தலையிலேயே போட்டார்கள்.

எதிர்ப்பு இல்லாமல் போகவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. முன்னின்றவர் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றிய ஆர்.எச். நாதன். தொழிலாளர்களின் கோரிக்கைப் பட்டியலைப் பாருங்கள்: சம்பள உயர்வு, நல்ல மருத்துவம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, துரைக்கு முன்னால் சைக்கிளில் ஏறிப் போகும் உரிமை, கூடவே, கள்ளுக்கடையை மூட வேண்டும்! குடியை அவர்கள் தனி நோயாகப் பார்க்கவில்லை. மானமாக வாழ வழி கேட்டபோதே கடையையும் மூடச் சொன்னார்கள். பதிலுக்கு நாதன் கைது செய்யப்பட்டார், இராணுவம் இறக்கப்பட்டது.

போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை கிளம்பியது. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் இளைஞர்கள் கள்ளுக்கு எதிராக அணிவகுத்தார்கள். 1947இல் கள்ளுக்கடை மறியலில் போலீசாரோடு மோதல் வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டு ஒரு தொழிலாளி உயிரிழந்தார். இயக்கமும் ஒடுக்கப்பட்டது. ஆனாலும் குடியை விட வேண்டும் என்று தோட்டத்து மக்கள் தாங்களே எழுந்த காலம் அது. இதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதே இல்லை.

பிறகு என்ன ஆயிற்று? தோட்டத்துக் கள்ளுக்கடைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அந்த இடத்துக்குச் சின்னப் போத்தலில் சம்சு வந்தது. மலிவு விலை, கள்ளைவிடக் கடுமை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதற்கு எதிராகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தது.

தென்கொரியாவின் அனுபவமும் இப்படித்தான். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடக்கூடாது என்று 2011இல் அங்கே சட்டம் வந்தது. கணினி விளையாட்டுக்குத்தான் அந்தப் பூட்டு. கைப்பேசி விளையாட்டு அதில் அடங்கவில்லை. பிள்ளைகள் கைப்பேசிக்கு மாறிக்கொண்டார்கள். 2021இல் அந்தச் சட்டத்தைக் கைவிடுவதாக அரசாங்கமே அறிவித்தது. கள்ளுக்குப் பின் சம்சு வந்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இனி என் தம்பி கதை. சித்தியின் குடும்பம் தோட்டத்தை விட்டு நீலாய் பக்கம் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தது. எஸ்பிஎம் தேர்வில் சறுக்கியவன், வேலை இல்லாமல் வீட்டோடு கிடந்தான். முதல் முயற்சி, சித்தப்பா கைப்பேசியைச் சுவரில் அடித்து உடைத்தார். இரண்டே வாரத்தில் கூட்டாளியின் பழைய கைப்பேசி வந்துவிட்டது. இரண்டாவது, ஜொகூரில் உறவினர் கடைக்கு அனுப்பினார்கள். ஒரு மாதத்தில் திரும்பிவிட்டான். மூன்றாவதாகத்தான் அரசாங்க மருத்துவமனையின் மனநல ஆலோசகரிடம் போனோம்.

எத்தனை மணி நேரம் விளையாடுகிறாய் என்று அந்த அம்மா கேட்கவில்லை. விளையாட்டில் உனக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டார். பையன் அழுதுவிட்டான். அங்கே அவன் ஐந்து பேர் கொண்ட அணிக்குத் தலைவனாம். வெளியே அவனை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லையாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்தில் வறுமை இருந்தது, ஆனால் பந்து விளையாடத் திடல் இருந்தது, திருவிழாவில் காவடிக்குப் பின்னால் ஓடக் கூட்டம் இருந்தது. நீலாய், லாபு, சிரம்பான் சுற்றுவட்டாரத்தில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளானபோது நமக்கு வீடு கிடைத்தது. அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது. அந்த வெற்றிடத்தில்தான் கைப்பேசி புகுந்தது. நாள்தோறும் வந்தால் பரிசு, வராவிட்டால் நட்டம் என்று பிள்ளைகளை இழுத்துப் பிடிக்கவே அந்த விளையாட்டுகளை அமைக்கிறார்கள்.

இப்போது தம்பி பகலில் மோட்டார் பட்டறையில் வேலை கற்கிறான். மாலையில் பக்கத்து மாடிப் பையன்களோடு பூப்பந்து. இரவு பத்து மணிக்குக் கைப்பேசியைச் சித்தியிடம் தானே கொடுக்கிறான். தீபாவளி விடுமுறையில் மூன்று நாள் மறுபடியும் விழுந்தான். மறைக்காமல் வந்து சொன்னான். எட்டு மாதம் ஆகிறது. குணமாகிவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன், எழுந்து நடக்கிறான்.

பெற்றோர்களே, திட்டுவதற்கு முன் பிள்ளையிடம் கேளுங்கள். கைமீறிப் போனால் அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்; சுகாதார அமைச்சின் 15555 ஆலோசனைத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. குடியிருப்புத் தலைவர்களே, கோயில் பொறுப்பாளர்களே, மாலையில் பிள்ளைகள் கூட ஓர் இடம் கொடுங்கள்.

அன்று பாட்டி வாசலுக்கும் கடைக்கும் நடுவே நின்றார். இன்று கடை பிள்ளையின் கைக்குள்ளேயே இருக்கிறது. நடுவே நிற்க இடமில்லை. பக்கத்தில் உட்காரத்தான் இடமிருக்கிறது. போய் உட்காருவோம்.