கணினியின் காய்ச்சலை அறிந்த வரலாறு



கணினியின் வரலாற்றைக் கூறப்புகுவோர் அதன் விரைவையே பெரிதும் போற்றுவர். ஒரு நொடியில் அது எத்தனை கணக்குகளைச் செய்யும் என்பதையே எடுத்துரைப்பர். ஆயின், அவ்விரைவுக்கு அவ்வியந்திரம் கொடுத்துவந்த விலையாகிய வெப்பத்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே. கணினி உட்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே மாறுகின்றது. அவ்வெப்பத்தை அகற்றுவது ஒரு கலை. அது செவ்வனே அகற்றப்படுகின்றதா என்று அறிவது மற்றொரு கலை. இவற்றுள் இரண்டாவது கலை வளர்ந்த வரலாற்றையே இங்கு கூற விரும்புகின்றேன். பாகங்களைத் தனித்தனியே வாங்கி, வீட்டிலேயே கணினி பூட்டும் இளைஞர் நம்மிடையே பலர் உளராதலின், இது வெறும் பழங்கதை அன்று.

பழைய வானொலிப் பெட்டிகளை அறிந்தோர், அவற்றின் வால்வுகள் சூடேறிய பின்னரே குரல் கேட்கத் தொடங்கியதை மறந்திரார். அத்தகைய வால்வுகளில் ஏறத்தாழ 18,000ஐ ஒருங்கே கொண்டிருந்தது எனியாக் என்னும் கணினி. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலே ஜோன் மோச்லி, பிரெஸ்பர் எக்கேட் ஆகிய இருவரின் முயற்சியால் உருவாகி, 1946 பெப்ரவரியில் அது உலகுக்குக் காட்டப்பட்டது. அதன் நிறை ஏறத்தாழ 30 தொன். அது உட்கொண்ட மின்வலு ஏறத்தாழ 150 கிலோவாற்று. வெப்பத்தைப் போக்கப் பெரிய ஊதுவிசிறிகள் ஓயாது சுழன்றன. வெப்பநிலை எல்லை மீறின் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆளிகளும் அதன் பகுதிகளிலே பொருத்தப்பட்டிருந்தன. அவ்வாளிகள் வெப்பம் இவ்வளவு என்று கூறவில்லை. அளவு மிஞ்சியதும் வேலையை நிறுத்தின. அவ்வளவே அன்றைய காவல்.

1947இல் பெல் ஆய்வுகூடத்திலே திரான்சிஸ்டர் பிறந்தது. 1958, 1959ஆம் ஆண்டுகளில் பல திரான்சிஸ்டர்களை ஒரே குறைகடத்தித் துண்டில் அமைக்கும் வழியும் காணப்பட்டது. வெப்பத்தின் தொல்லை இனித் தீர்ந்தது என்று பலர் எண்ணியிருக்கக்கூடும். ஆயின், ஒரு சில்லில் அடங்கும் பாகங்கள் ஆண்டுதோறும் பெருகும் என்று 1965இல் எழுதிய கோர்டன் மூர், அதே கட்டுரையில் அவற்றின் வெப்பத்தை வெளியேற்ற இயலுமா என்னும் வினாவையும் எழுப்பினார். இயலும் என்பதே அவர் விடை. எனினும் அவ்வினா முற்றாக மறையவில்லை. சில காலம் உறங்கிக் கிடந்தது.

அவ்வுறக்க காலத்திலேதான் வீட்டுக் கணினி தோன்றியது. 1975இல் அல்டெயர் 8800 என்னும் கணினி, வாங்குவோரே பூட்டிக்கொள்ளும் பாகங்களாக விற்கப்பட்டது. 1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினி வந்தது. அதன் மூளையாகிய புரொசசருக்குத் தனி விசிறி இல்லை. மின்வழங்கிப் பெட்டியிலிருந்த ஒரு விசிறியே முழுக் கணினிக்கும் போதுமாயிருந்தது. 1993இல் பென்டியம் வந்தபோது நிலைமை மாறிற்று. ஏறத்தாழ 15 வாற்று வெப்பத்தைச் சிறிய பரப்பிலிருந்து அகற்ற உலோகத் துடுப்புகளும் அவற்றின்மேல் ஒரு விசிறியும் வேண்டியதாயின. அன்றுமுதல், சில ரூபாய் பெறுமதியான விசிறி நின்றுபோனால் விலைமிக்க புரொசசரும் ஆபத்துக்குள்ளாகும் நிலை ஏற்பட்டது.

இதனாலே 1990களில் கணினியின் உடல்நிலையைக் கண்காணிக்கும் சில்லுகள் தாய்ப்பலகைகளில் இடம்பெற்றன. நாஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் எல்.எம். 78 அவற்றுள் பெயர்பெற்றது. வெப்பநிலை, மின்னழுத்தங்கள், மூன்று விசிறிகளின் வேகம் ஆகியவற்றை அது அளந்தது. விசிறியின் வேகத்தை அறியும் முறை எளியது. விசிறிக்கு மின்சாரம் தரும் இரு கம்பிகளோடு மூன்றாவது கம்பி ஒன்றும் உண்டு. விசிறி ஒருமுறை சுழலும்போது அக்கம்பி வழியாகப் பொதுவாக இரண்டு துடிப்புகள் வரும். நொடிக்கு 40 துடிப்புகள் வந்தால் விசிறி நொடிக்கு 20 முறை, அஃதாவது நிமிடத்துக்கு 1,200 முறை சுழல்கின்றது என்று கொள்ளலாம்.

வெப்பநிலையை அறிவதோ இவ்வளவு எளிதாயிருக்கவில்லை. எல்.எம். 78 தன்னுள்ளே கொண்ட உணரி, தாய்ப்பலகையில் தான் இருந்த இடத்தின் வெப்பத்தையே அறிந்தது. நோயாளியின் போர்வையைத் தொட்டுக் காய்ச்சலைக் கணிப்பது போன்றது அது. பின்னர்ப் புரொசசர் அமரும் குழியின் கீழே ஒரு சிறு உணரியை வைத்தனர். அதன்பின் சிலிக்கன் சில்லின் உள்ளேயே இருவாயி ஒன்றை அமைத்தனர். இவ்வாறு வெப்பமானி படிப்படியாக வெப்பத்தின் பிறப்பிடத்தை நெருங்கி வந்தது.

ஆயினும் அளத்தல் வேறு, காத்தல் வேறு என்பதை 2001 செப்டெம்பரில் நிகழ்ந்த ஒரு சோதனை உணர்த்தியது. டொம்ஸ் ஹாட்வெயார் என்னும் கணினி வெளியீட்டினர், இயங்கிக்கொண்டிருந்த புரொசசர்களின் மேலிருந்த உலோகத் துடுப்பை விசிறியோடு அகற்றிப் படம் பிடித்தனர். இன்டெல்லின் பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு தொடர்ந்து இயங்கியது. பென்டியம் 3 நின்றது; ஆனால் பிழைத்தது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லோன்கள் இரண்டும் கணப்பொழுதில் எரிந்தழிந்தன. அவற்றுள் ஒன்றின் உள்ளே வெப்பம் உணரும் இருவாயி இருந்தது. இருந்தும், உரிய நேரத்தில் மின்சாரம் துண்டிக்கப்படவில்லை. காவற்காரன் கூவியும் கதவை அடைப்பார் இல்லையெனின் பயன் யாது?

தப்பிப் பிழைத்த பென்டியம் 4 இனமும் வெப்பத்தை வெல்லவில்லை. 2004இல் வந்த அதன் புதிய வகைகளிற் சிலவற்றின் வெப்பம் 115 வாற்றை எட்டியது. அஃதாவது, 100 வாற்று மின்குமிழின் சூட்டுக்கும் மேலானது விரல்நகத்தளவு பரப்பிலிருந்து எழுந்தது. அவ்வாண்டிலேயே இன்டெல், அவ்வினத்தின் அடுத்த புரொசசர்த் திட்டத்தைக் கைவிட்டு, ஒரு சில்லில் பல கருக்களை அமைக்கும் வழிக்குத் திரும்பியது. வேகத்தை மட்டும் உயர்த்திக்கொண்டே செல்லும் காலம் வெப்பத்தின் முன்னே முடிவுற்றது. மூரின் வினா உறக்கம் கலைந்து எழுந்தது எனலாம்.

2006ஆம் ஆண்டளவில் ஒவ்வொரு கருவுக்கும் தனி எண்முறை உணரி வந்தது. அது ஒரு விந்தையான வெப்பமானி. வெப்பம் இத்தனை பாகை என்று அது கூறாது. ஆபத்தெல்லைக்கு இன்னும் இத்தனை பாகை உண்டு என்றே கூறும். எல்லை 100 பாகை செல்சியஸ் ஆகவும், உணரி 40 பாகை எஞ்சியுள்ளது என்று உரைப்பதாகவும் கொண்டால், வெப்பநிலை 60 பாகை. எல்லை 85 என்று ஒரு மென்பொருள் பிழையாகக் கொண்டால் அதே நிலையை 45 என்று காட்டும். ஒரே கணினியில் இரு மென்பொருள்கள் இரு வெப்பநிலைகளைக் காட்டிப் பலரை மயங்கச் செய்தமைக்கு இதுவும் ஒரு காரணம். அன்றியும், இவ்வுணரிகள் எல்லைக்கு அண்மையிலேயே திருத்தமாக அளக்குமாறு அமைக்கப்பட்டவை; மிகக் குளிர்ந்த நிலையில் அவற்றின் கூற்றை அப்படியே நம்புதல் தகாது.

கணினி பூட்டும் இளைஞர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. வெப்பநிலை, விசிறியின் வேகம் ஆகிய இரு எண்களையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும். விசிறி குறைவின்றிச் சுழன்றும் வெப்பம் ஏறுமாயின், துடுப்புகளில் தூசி அடைத்திருக்கலாம். வெப்பப் பசை உலர்ந்திருக்கலாம். துடுப்பு சரியாகப் பதியாதிருக்கலாம். வேகம் பூச்சியமாகி வெப்பமும் ஏறுமாயின் விசிறியே பழுது. உடனே கணினியை நிறுத்துக. வேகம் பூச்சியமாயிருந்தும் வெப்பம் குறைவாயின், வேலை குறைந்த வேளையில் விசிறியை நிறுத்தும் ஒழுங்கு அத்தாய்ப்பலகையில் உண்டா என்று பார்க்க.

மேலும், விசிறி வீசுவது அறையின் காற்றையே. 30 பாகை வெப்பமுள்ள கொழும்பு அறையிலோ யாழ்ப்பாணத்து அறையிலோ, புரொசசரை அதற்குக் கீழே குளிர்விக்க எவ்விசிறியாலும் இயலாது. 20 பாகையுள்ள குளிர்நாட்டு அறையிலே பிறர் எடுத்த அளவைவிட நம் அளவு ஏறத்தாழ 10 பாகை கூடியிருப்பின் அஞ்சவேண்டியதில்லை. உங்கள் கணினி புதிதாயிருக்கையிலேயே, அது ஓய்ந்திருக்கும்போதும் கடுமையாக உழைக்கும்போதும் காட்டும் எண்களை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். ஆறு மாதங்களின் பின் மீண்டும் நோக்குங்கள். ஒற்றை எண் சொல்லாததை அவ்விரு குறிப்புகளின் வேற்றுமை சொல்லும்.

எனியாக்கின் ஆளி ஒரு சொல்லும் உரையாது மின்சாரத்தை நிறுத்தியது. இன்றைய புரொசசர் தன் காய்ச்சலைத் தானே உரைக்கின்றது; வேண்டும்போது தன் வேகத்தையும் தானே குறைத்துக்கொள்கின்றது. ஆயினும் துடுப்பிடையே அடைத்த தூசியை அகற்ற அதற்குக் கையில்லை. அப்பணி, அதனைப் பூட்டியவரையே சார்ந்தது.